22 ஆண்டுகள் காத்திருந்து சான்றிதழ் பெற்ற கால்நடை மருத்துவர் ஏலின் கஸ்ட்

ஜெஞ்சாரோம் - இங்கிருந்து செர்டாங் அதிகத் தூரமில்லை. அங்குள்ள மலேசிய புத்ரா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவப் புலமே நாட்டில் முதலாவது. கால்நடை மருத்துவம் படிக்க விரும்பும் மாணவிக்கு, பெண் என்பது இன்று தடையில்லை. ஆனால், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் அந்தத் தடையை உடைக்க ஒரு பெண்ணுக்குப் பாதி ஆயுள் தேவைப்பட்டது. அவர்தான் ஏலின் கஸ்ட்.

1868-இல் அயர்லாந்தின் டிப்பரரி வட்டாரத்தில் உயர்குடிக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிறு வயதில் தந்தையை இழந்தார். லண்டனில் தாதியர் பயிற்சியில் சேர்ந்தாலும், மனம் விலங்குகளின் பக்கமே இருந்தது. பயிற்சியைப் பாதியில் விட்டு, எடின்பரோவில் வில்லியம் வில்லியம்ஸ் நடத்திய கால்நடை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். மகள் மிருக வைத்தியம் படிப்பது குடும்பத்துக்கு இழுக்கு என்று கருதப்பட்ட காலம் அது. எனவே, கஸ்டன்ஸ் என்ற மாற்றுப் பெயரில் படித்தார்.

படிப்பில் சிறந்து விளங்கியும், 1897-இல் தொழில்முறைத் தேர்வு எழுத அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. மறுத்தது, லண்டனில் இருந்த அரச கால்நடை மருத்துவர் கழகம். எடின்பரோ நீதிமன்றத்தை நாடினார். அக்கழகம் ஸ்காட்லாந்தில் இல்லாததால், வழக்கு தனது அதிகார வரம்புக்குள் வராது என்று நீதிமன்றம் கைவிரித்தது.

1900-இல் படிப்பை முடித்தபோது அவர் கையில் பேராசிரியரின் பரிந்துரை மட்டுமே இருந்தது. சான்றிதழ் இல்லை. அயர்லாந்தின் ரோஸ்கொமன் பகுதியில் வில்லியம் பைர்ன் என்ற கால்நடை மருத்துவர் அவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். மாடுகளுக்கும் குதிரைகளுக்கும் வைத்தியம் பார்க்கத் தொடங்கிய ஏலின், 1910-இல் பைர்ன் இறந்தபின் தொழிலைத் தாமே ஏற்று நடத்தினார்.

இதற்கிடையே 1905-இல் கால்வே மாவட்ட மன்றம் அவரைக் கால்நடை ஆய்வாளராகத் தேர்ந்தெடுத்தது. தகுதிச் சான்று இல்லாதவர் என்று அதே கழகம் எதிர்ப்புத் தெரிவித்தது. மன்றம் விட்டுக்கொடுக்கவில்லை. இறுதியில், பதவியின் பெயரை மட்டும் மாற்றி அதே வேலையை அவரிடம் ஒப்படைத்தார்கள்.

முதலாம் உலகப் போரின்போது, 1915-இல் பிரான்சுக்குச் சென்று காயமடைந்த போர்க் குதிரைகளுக்குச் சிகிச்சை அளித்தார். பின்னர் இராணுவத்தின் நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்திலும் பணியாற்றினார்.

தொழில்களில் நுழையப் பெண்களுக்கு இருந்த சட்டத் தடையை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1919-இல் நீக்கியது. அதன் பின்னரே கழகம் இறங்கி வந்தது. 1922 டிசம்பரில் ஏலினுக்குச் சான்றிதழ் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவரே. அப்போது அவருக்கு வயது 54. படிப்பை முடித்து 22 ஆண்டுகள் கடந்திருந்தன.

போராடிப் பெற்ற தகுதியோடு அவர் தொழில் பார்த்தது சுமார் இரண்டு ஆண்டுகளே. 1924-இல் ஓய்வு பெற்று இங்கிலாந்தில் குடியேறினார். 1937-இல் ஜமைக்காவில் காலமானார்.

இன்று பிரிட்டனில் கால்நடை மருத்துவர்களில் பெண்களே அதிகம். ஆயினும், பெரிய கால்நடைகளுக்குப் பெண் மருத்துவர் ஈடுகொடுப்பாரா என்ற சந்தேகம் பண்ணைகளில் இன்னும் முற்றாக மறையவில்லை. ரோஸ்கொமனின் மாட்டுத் தொழுவங்களில் ஏலின் அதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டார்.

தமக்குக் கதவடைத்த அதே கழகத்துக்கே, உதவித்தொகை வழங்குவதற்காகத் தமது உயிலில் அவர் பணம் எழுதி வைத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.