ஜோர்ஜ் கட்பரியின் நாணயம்

ஒரு வணிகக் குடும்பம் மக்களின் நம்பிக்கையை எங்ஙனம் தேடிக்கொள்கின்றது என்று ஆராயப் புகுந்த நாம், இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிலே வாழ்ந்த ஜோர்ஜ் கட்பரியின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம். சொக்கலேற் உறையிலே அப்பெயரைக் காணாத இளைஞர் நம்முட் சிலரே. அம்மனிதரை அறிந்தவரோ அவரினும் சிலர்.

ஜோர்ஜ் 1839இற் பிறந்தார். தந்தையார் ஜோன் கட்பரி 1824இல் தேயிலை, கோப்பி, கொக்கோ விற்கும் கடையொன்றைத் திறந்தவர். குடும்பத்தார் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். பழைய பல்கலைக்கழகங்களின் பட்டங்கள் அப்பிரிவினருக்கு நெடுங்காலம் எட்டாதிருந்தமையால், அவர்களுட் பலர் வணிகத்தில் இறங்கினர். பேரம் பேசாது எவருக்கும் ஒரே விலை கூறுவது அவர்கள் வழக்கம்.

தாயார் 1855இல் மறைந்தபின் தந்தையாரும் தளர்ந்தார், தொழிலுந் தளர்ந்தது. 1861இல் 25 வயதுத் தமையன் றிச்சேட்டும் 21 வயது ஜோர்ஜும் அதனைப் பொறுப்பேற்றனர். தாய்வழி வந்த 4,000 பவுணை ஒவ்வொருவரும் அதில் இட்டனர். முதலில் நட்டமே மிஞ்சியது. ஜோர்ஜ் தேநீரையும் பத்திரிகையையுங்கூட விலக்கிச் சிக்கனம் பிடித்தார்.

இனி, அவர்கள் விற்ற கொக்கோ எத்தகையது? கொக்கோக் கொட்டையில் நெய் மிகுதி. பானத்தில் அது மேலே மிதக்கும். அதனை மறைக்க உருளைக்கிழங்கு மாவும் சவ்வரிசி மாவும் வெல்லப்பாகும் சேர்த்தனர். ஐந்திலொரு பங்கே உண்மைக் கொக்கோ என்று ஜோர்ஜ் பிற்காலத்தில் தாமே ஒப்புக்கொண்டார். வியாபாரிகள் பலருஞ் செய்ததுதான். பாலில் நீர் சேரும் கணக்கை அறிந்த நம்மவருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஒல்லாந்திலே வான் ஹூட்டன் என்பார் நெய்யைப் பிழிந்தெடுக்கும் பொறியொன்றை வைத்திருந்தார். ஒல்லாந்த மொழி ஒரு சொல்லும் அறியாத ஜோர்ஜ், அகராதியையும் கைச்சைகையையும் துணைகொண்டு பேரம் முடித்து அப்பொறியை வாங்கி வந்தார். நெய் நீங்கியபின் மாவுக்கு வேலையில்லை. 1866இல் கலப்பில்லாத கொக்கோ வெளிவந்தது. விலை கூடியதாயினும், மருத்துவ ஏடுகள் அதனைப் பாராட்டின.

தூய கொக்கோ இதுவே என்று விளம்பரஞ் செய்தபோது, தாம் அதுவரை விற்றதன் குற்றத்தையும் சகோதரர் ஊரறியச் செய்தனரல்லவா? பழைய கலப்புப் பண்டங்களை அவர்கள் அன்றே அடியோடு நிறுத்திவிடவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. ஆயினும் தகரத்தினுள் என்ன இருக்கின்றது என்று கேட்கும் பழக்கத்தை வாங்குவோர்க்கு ஊட்டியவருள் அவர்களும் சேர்ந்தவர். 1872இலும் 1875இலும் கலப்படத்துக்கு எதிரான சட்டங்கள் பிறந்தன. 1879இல் நகருக்கு வெளியே போண்வில் என்னுமிடத்திற் பெருந்தொழிற்சாலை எழுந்தது. 1895 முதல் அதனருகே தோட்டத்துடன் கூடிய வீடுகளும் எழுந்தன. 1899இல் றிச்சேட் காலமானார்.

தகரத்தினுள் இருப்பதைக் கேட்கப் பழகிய உலகம், கொட்டை எங்கிருந்து வந்தது என்றும் கேட்டது. அதிற் பெரும்பகுதி வந்தது, போர்த்துக்கேயர் ஆட்சியிலிருந்த சாவோ தோமே தீவிலிருந்து. அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்கள் அங்கே பெயரளவில் ஒப்பந்தக் கூலிகள், உண்மையில் அடிமைகள். இச்செய்தி றிச்சேட்டின் மகன் வில்லியத்தின் செவிக்கு 1901இலேயே எட்டியது. 1905இல் ஜோசப் பேட் என்பாரை அனுப்பி விசாரித்தனர். கொள்வனவை நிறுத்தியதோ 1909 மார்ச்சிலேதான். வாங்குபவராக இருந்தாலன்றித் தம் சொல் போர்த்துக்கேயரிடம் எடுபடாது என்பது அவர்கள் கூறிய காரணம். அக்காரணம் முழுப்பொய் அன்று; ஆனால் எட்டாண்டு தாமதத்துக்கு அது போதாது என்பதே எம் எண்ணம்.

1908இல் லண்டன் ஸ்ராண்டட் பத்திரிகை இதனைக் காட்டி, கட்பரி குடும்பத்தாரின் நேர்மையை எள்ளி எழுதிற்று. தென்னாபிரிக்கச் சுரங்கங்களிற் சீனக் கூலிகள் படும் துயரை ஜோர்ஜின் சொந்தப் பத்திரிகை முன்னர் கண்டித்திருந்தமையால், அவ்வெள்ளல் ஆழத் தைத்தது. மானநட்ட வழக்கு 1909 இறுதியிற் பேர்மிங்காமில் நடந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எட்வேட் காசன் அத்தாமதத்தையே துருவித் துருவிக் கேட்டார்.

தீர்ப்பு கட்பரி குடும்பத்தாருக்கே சார்பாயிற்று. யூரிமார் விதித்த நட்டஈடு ஒரு காற்பென்னி. அந்நாட்டுச் செப்புக்காசுகளில் அக்காலம் சிறியதும் அதுவே. அப்போது ஜோர்ஜுக்கு வயது 70.