ஒற்றுமைக்கு உழைத்த பேராயர் அசரியா

பிரிந்து கிடந்தோரை ஒன்றுசேர்ப்பதையே வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர் பேராயர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் நம் இளைஞர்கள் அவசியம் அறிய வேண்டிய வரலாறு அவருடையது.

திருநெல்வேலிச் சீமையில், வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், 1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் கிராமத் திருச்சபைக் குருவானவர். அவர் தோன்றிய நாடார் சமூகமும் அந்நாளில் ஆலய நுழைவு மறுக்கப்பட்ட சமூகமே. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றபின் இளைஞரிடையே பணியாற்றினார். இந்தியரின் பொருளாலும் உழைப்பாலுமே நற்செய்திப் பணி நடைபெற வேண்டும் என்ற நோக்குடன் 1903இல் இந்திய மிஷனெரிச் சங்கம் உருவாக முன்னின்றார்.

1909இல் நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் பகுதிக்குச் சென்று, தெலுங்கு கற்று, எளிய மக்களிடையே வாழ்ந்தார். 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மாநாட்டில், மேலை நாட்டு ஊழியர் எத்துணை தியாகம் செய்தும் இந்தியரைச் சரிநிகர் நண்பராக ஏற்கத் தயங்குவதை அவர்கள் முன்னிலையிலேயே அஞ்சாது எடுத்துரைத்தார். 1912இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

அவரை நாடி வந்தவருள் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் இரு பிரிவினர். இருவருமே தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானவர்கள். எனினும் தம்முள் மண உறவு கொள்ளார், ஒரே பந்தியில் அமரார். மேலோர் வகுத்த வேலியைக் கீழே கிடந்தோரும் தமக்குள் இட்டுக்கொண்டனர். திருவிருந்தில் அனைவரும் ஒரே பாத்திரத்தில் பருக வேண்டும் என்பதில் பேராயர் உறுதியாக நின்றார். அவ்விரு பிரிவினரிலிருந்தும் ஆசிரியர்களையும் குருமார்களையும் உருவாக்கினார். 1939இல் நிறைவுற்ற தோர்ணக்கல் பேராலயத்தில் இந்து, இசுலாமியக் கட்டடக் கலைகளின் சாயலும் இணைந்து விளங்குகின்றது. மக்கள் தம் மண்ணின் மணத்தோடு விழாக் கொண்டாட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

மேலை நாடுகளில் எழுந்த பிணக்குகளால் தென்னிந்தியத் திருச்சபைகள் பிரிந்து நிற்பது பொருளற்றது எனக் கண்டு, 1919இல் தரங்கம்பாடியில் கூடிய ஐக்கிய மாநாட்டிற்கு முன்னோடியாக விளங்கினார். கால் நூற்றாண்டுக்கு மேல் பேச்சுவார்த்தை நீண்டது. கனியைக் காணுமுன் 1945 ஜனவரி முதல் நாள் அவர் மறைந்தார். 1947 செப்டம்பர் 27ஆம் நாள் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உதயமாயிற்று. ஆங்கிலிக்கரும், மெதடிஸ்தரும், முன்னரே இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையினரும் அன்று ஒன்றாயினர்.

சபைகள் இணைந்தன, ஆயினும் சாதி வேற்றுமை இன்னும் கல்லறைத் தோட்டம் வரை நீள்வதை நாம் காண்கிறோம். எனவே அவர் பணி முடிந்துவிடவில்லை. நம்முள்ளும் உட்பிரிவு பேசுவோர் உளர். பிறர் நம்மைச் சமமாக நடத்த வேண்டும் எனக் கோரும் நாம், நம்மில் ஒருவரையொருவர் சமமாக நடத்துகின்றோமா? இளைஞர்களே, இவ்விழாப் பந்தியில் அடுத்த இலையில் அமர்ந்திருப்பவர் எப்பிரிவினர் என்று வினவாது உண்போமாக. பேராயர் அசரியாவுக்கு நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவே.