அளவு தந்த ஓவியர்

நிழற்படக் கலையின் தொடக்கத்தை நாம் எண்ணும்போது, லூயி தாகேர் என்னும் பிரெஞ்சுக்காரரை மறத்தல் இயலாது. 1787ஆம் ஆண்டு பாரிசு நகரின் அருகே பிறந்த அவர், நாடக மேடைத் திரைகளைத் தீட்டும் ஓவியராக விளங்கினார். 1822இல் பாரிசில், பேரோவியங்களை ஒளியமைப்புடன் காட்டும் காட்சிக்கூடம் ஒன்றையும் நிறுவினார்.

ஒளியைக் கொண்டே உருவத்தைப் பதிக்க வேண்டும் என்னும் வேட்கை அவரை ஆட்கொண்டது. அம்முயற்சியில் முன்னோடியான நியெப்சுடன் 1829இல் கூட்டுச் சேர்ந்தார். 1833இல் நியெப்ஸ் மறைந்தார், தாகேர் தளரவில்லை. வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டிப் படப்பெட்டியுள் வைத்து, பின்னர்ப் பாதரச ஆவியில் காட்ட, உருவம் தோன்றிற்று.

1839 மார்ச்சுத் திங்களில் காட்சிக்கூடம் தீக்கிரையாயிற்று. எனினும் அவ்வாண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் அவருடைய செய்முறை உலகறிய வெளியிடப்பட்டது. பிரெஞ்சு அரசு அவருக்கு ஆண்டுதோறும் 6,000 பிராங்கும், நியெப்சின் மகனுக்கு 4,000 பிராங்கும் வழங்க இசைந்தது.

தாகேர் கையாண்ட தகடு 6½ அங்குல அகலமும் 8½ அங்குல நீளமும் கொண்டது. அதுவே முழுத் தகடு எனப்பட்டது. அகலத்தையும் நீளத்தையும் பாதியாக்கினால் 3¼க்கு 4¼ அங்குலக் கால் தகடு கிடைக்கும். சிறிய தகட்டுக்குச் செலவு குறைவு. ஆகவே, ஓவியரைக் கொண்டு வரையச் செல்வர்க்கே இயன்ற உருவப்படம், எளியோர் இல்லங்களையும் அடைந்தது.

1851இல் தாகேர் மறைந்தார். செப்புத் தகட்டின் இடத்தைக் கண்ணாடியும், பின்னர்ப் பிலிமும் பிடித்தன. முழுத் தகடு, கால் தகடு என்னும் அளவுகளோ நெடுங்காலம் வழங்கின. செம்மையாகச் செய்த பணி, செய்தவர்க்குப் பின்னும் பயன் தரும் என்பதை நாம் அவர் வாழ்வில் காண்கிறோம்.