ஐயத்தையும் ஏட்டில் எழுதிய மருத்துவ மேதை அபூபக்ர் அர்ராஸீ

காய்ச்சல் என்று ஒருவர் மருத்துவரிடம் வருகிறார். அது இரண்டு நாளில் தானே தணியும் காய்ச்சலா, கொடிய நோயொன்றின் முதல் அறிகுறியா? உடனே மருந்து கொடுப்பதா, பொறுத்திருந்து பார்ப்பதா? சில நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டிய நிலை. ஆய்வுக்கூடங்களும் கருவிகளும் பெருகிவிட்ட இக்காலத்திலும் தெருமுனை மருத்துவருக்கு இச்சங்கடம் நாள்தோறும் நேர்கிறது. இவையொன்றும் இல்லாத காலத்தில் இதே சங்கடத்தைச் சந்தித்து, தம் கணிப்புகளை மட்டுமன்றித் தம் தவறுகளையும் எழுதிவைத்துச் சென்றவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ. மேலை நாட்டினர் இவரை ரேஸஸ் என்று அழைத்தனர்.

பிறப்பும் கல்வியும்

இன்றைய ஈரானின் தலைநகரான தெஹ்ரானுக்கு அருகிலுள்ள ரய் என்னும் ஊரில் ஹிஜ்ரி 251-இல் (கி.பி. 865) இவர் பிறந்தார். ஊர்ப் பெயரே அர்ராஸீ என்று இவருக்கு வழங்கலாயிற்று. இளமையில் இசையிலும் இரசவாதத்திலும் ஈடுபாடு கொண்டிருந்த இவர், வயது முதிர்ந்த பின்னரே மருத்துவக் கல்வியை நாடினார். எனினும் ரய் நகர மருத்துவமனைக்கும், பின்னர் பக்தாத் மருத்துவமனைக்கும் தலைமை தாங்கும் அளவுக்கு உயர்ந்தார்.

இவர் நோயாளிகளைப் பார்த்த முறையை இப்னு நதீம் தமது அல்ஃபிஹ்ரிஸ்த் என்னும் நூலில் குறித்துள்ளார். அர்ராஸீ நடுவில் அமர்ந்திருப்பார். அவருக்கு முன் மாணவர்களும், அவர்களுக்கு அடுத்து அம்மாணவர்களின் மாணவர்களும் வரிசை வரிசையாக அமர்ந்திருப்பர். வரும் நோயாளி முதலில் எதிர்ப்படுவோரிடம் தம் நோயைச் சொல்வார். அவர்களால் விடை காண இயலாவிடில் அடுத்த வரிசைக்குச் செல்வார். அங்கும் தீராத சிக்கலே ஆசிரியரை வந்தடையும். எளிய நோய் எளிதில் தீர்ந்தது. அரிய நோய்க்கு ஆசிரியரின் நேரம் கிடைத்தது. மாணவர்களுக்கும் பயிற்சி அமைந்தது. ஏழை நோயாளிகளிடம் இவர் பரிவு கொண்டு, அவர்களுக்குப் பொருளுதவியும் செய்தார் என்று அதே நூல் கூறுகிறது.

ஒரு காய்ச்சலும் ஒரு பிழையும்

இவரது குறிப்புகளில் அப்துல்லாஹ் இப்னு ஸவாதா என்னும் நோயாளியின் வரலாறு புகழ்பெற்றது. அவருக்குக் காய்ச்சல் ஒழுங்கின்றி வந்தது. ஒருகால் நாள்தோறும், ஒருகால் ஓரிரு நாள் விட்டு, சில வேளை ஆறு நாள்களுக்கு ஒருமுறை. காய்ச்சலுக்கு முன் சிறு நடுக்கம் ஏற்பட்டது. சிறுநீரும் அடிக்கடி கழிந்தது. இது முறைக்காய்ச்சலா, சிறுநீரகத்தில் புண்ணா? இரண்டில் ஒன்று என்று மட்டுமே அர்ராஸீயால் சொல்ல முடிந்தது. சில நாள்களில் சிறுநீரில் சீழ் வந்தது. சிறுநீரகப் புண்தான் என்பது உறுதியாயிற்று. அதற்குரிய மருந்துகளைக் கொடுத்தார். காய்ச்சலும் மீண்டும் வரவில்லை.

நோயாளி தேறியதோடு அவர் ஏட்டை மூடிவிடவில்லை. முன்னரே ஏன் உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று தம்மைத் தாமே விசாரித்து எழுதினார். நோயாளிக்கு முன்பு முறைக்காய்ச்சல் வந்திருந்ததால் தம் எண்ணம் அந்தப் பக்கம் சாய்ந்தது. எழுந்து நிற்கும்போது இடுப்பில் பாரம் தொங்குவதுபோல் இருக்கிறதா என்பதை நோயாளியும் சொல்லவில்லை; தாமும் கேட்கத் தவறினார். அவருடைய தந்தைக்குச் சிறுநீர்ப்பை பலவீனம் இருந்தது என்பதும் தமக்குத் தெரியாமற் போயிற்று. இவற்றையெல்லாம் மறைக்காமல் பதிந்துள்ளார். பழைய நோயை நினைத்துப் புதிய நோயைத் தவறவிடுவதும், கேட்க வேண்டிய ஒரு கேள்வியை விட்டுவிடுவதும் இன்றும் மருத்துவர்களை ஏமாற்றும் இடங்களே.

ஒப்பிட்டுப் பார்த்த கண்கள்

பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி இவர் எழுதிய சிறுநூல் உலகப் புகழ் வாய்ந்தது. முதுகுவலி பெரியம்மையில் மிகுதி. குமட்டலும் மனக்கலக்கமும் தட்டம்மையில் மிகுதி என்று, கொப்புளம் தோன்றுமுன்பே உய்த்துணரும் வழிகளை அதில் விளக்கினார்.

மூளைக்காய்ச்சலின் முன்னறிகுறிகள் தோன்றியவர்களில் ஒரு பிரிவினருக்கு இரத்தம் வெளியேற்றும் சிகிச்சை செய்து, மற்றொரு பிரிவினருக்கு வேண்டுமென்றே செய்யாமல் விட்டு ஒப்பிட்டும் பார்த்தார். அதனால் பயன் உண்டு என்னும் முடிவுக்கு வந்தார். இரத்தம் வெளியேற்றுவது அந்நோய்க்கு மருந்தாகாது என்று இன்று நாம் அறிவோம். முடிவு பிழையே, எனினும் ஒப்பிட்டுப் பார்க்கும் வழியை அத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர் எண்ணியிருக்கிறார். கிரேக்க மேதை காலனைப் பெரிதும் மதித்தவர். ஆயினும் அவர் கூற்று தாம் கண்ட நோயாளியோடு பொருந்தாதபோது, அதைச் சுட்டிக்காட்டி ஒரு தனி நூலே எழுதினார்.

சிறந்த மருத்துவராலும் எல்லா நோயையும் தீர்க்க இயலாது என்பதை விளக்கியும், கற்ற மருத்துவரை விட்டு மக்கள் போலிகளை நாடுவது ஏன் என்பதை ஆராய்ந்தும் எழுதினார். மருத்துவரை அடைய வழியற்றோருக்காகவும் ஒரு நூல் செய்தார்.

மறைவும் நிலைத்த பயனும்

இறுதிக் காலத்தில் பார்வையை இழந்த அர்ராஸீ, ஹிஜ்ரி 313-இல் (கி.பி. 925) ரய் நகரில் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற குறிப்புகளைத் திரட்டித் தொகுத்ததே அல்ஹாவீ என்னும் பெருநூல். அது 1279-இல் இலத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு, 1486-இல் இத்தாலியின் பிரெஷியா நகரில் அச்சேறியது. அவர் வகைப்படுத்திய பெரியம்மை, தடுப்பூசியின் பயனாக 1980-இல் உலகைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

அர்ராஸீயின் வாழ்வில் மருத்துவர்க்கும் பாடம் உண்டு, நமக்கும் உண்டு. நிச்சயமில்லாததை நிச்சயம்போல் பேசாதிருப்பதும், தவறு நேர்ந்தால் அதிலிருந்து கற்பதும் மருத்துவரின் கடமை. முன்பு வந்த நோய், பெற்றோருக்கு இருந்த நோய், உட்கொள்ளும் மருந்து ஆகியவற்றை ஒளிவின்றிச் சொல்வது நம் கடமை. இப்னு ஸவாதா சொல்லாமல் விட்டதும், அர்ராஸீ கேளாமல் விட்டதும் ஒரே செய்திதான். அது இருவரில் ஒருவர் வாயிலிருந்து வந்திருந்தால், சீழ் காணும்வரை காத்திருக்க நேர்ந்திராது. மருத்துவரின் அறைக்குள் அடுத்த முறை நுழையும்போது இதனை நினைவிற் கொள்வோமாக.