ஜி.டி.நாயுடு: பஸ் எஞ்சினைப் பிரித்துப் படித்த மனிதர்.. பழைய காரில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது சரியா?

திருநெல்வேலியில் இருந்து சங்கரன்கோவில் போகிற ரோட்டில், பனவடலிசத்திரம் பக்கம், மே மாத மதிய வெயிலில் ஒரு பழைய அம்பாசடரோ மாருதி 800-ஓ பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பது புதுக் காட்சி இல்லை. டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டிருக்கும். ரேடியேட்டரில் இருந்து ஆவி வந்துகொண்டிருக்கும். இதற்கு ஒர்க்‌ஷாப்புகளில் அடிக்கடி கிடைக்கிற வைத்தியம் ஒன்றுதான். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவது. எஞ்சினைச் சூடாக்குவதே அந்தச் சின்னப் பித்தளைத் துண்டுதான் என்கிற மாதிரி!

எஞ்சின் சூட்டோடு தமிழ்நாடு போராடத் தொடங்கி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் போராட்டத்தை ஸ்டியரிங் பிடித்துக்கொண்டே பார்த்தவர் ஜி.டி.நாயுடு. கோவைக்காரர்கள் இந்தியாவின் எடிசன் என்று கொண்டாடும் அவரை ரேசர், ரேடியோ, பருத்தி என்று பல விஷயங்களுக்காக நினைவு வைத்திருக்கிறோம். ஆனால் அவர் முதலில் ஒரு பஸ் டிரைவர்.

பள்ளிக்கூடம் பிடிக்காத பையன்

கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தது 1893 மார்ச் 23-ம் தேதி, கோவை மாவட்டம் சூலூர் அருகே உள்ள கலங்கல் கிராமத்தில். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவே இல்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது என்பார்கள். ஆனால் கையில் கிடைத்த புத்தகத்தை எல்லாம் தானாகவே படித்தார்.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது ஒரு மோட்டார் சைக்கிள். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் வண்டி அது. மாடோ குதிரையோ இல்லாமல் ஒரு வண்டி எப்படி ஓடுகிறது என்கிற கேள்வி அந்தக் கிராமத்து இளைஞரை விடவில்லை. கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தார். காசு சேர்த்து, அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் செய்த முதல் காரியம், அதை முழுசாகப் பிரித்துப் போட்டதுதான். பிரித்தார், மாட்டினார், மறுபடி பிரித்தார். அவருடைய எஞ்சினியரிங் காலேஜ் அதுதான்.

நடுவில் பஞ்சு வியாபாரம் செய்தார். சம்பாதித்தார், பம்பாய் போய் இழந்தார். கையைச் சுட்டுக்கொண்டு ஊர் திரும்பியவருக்குக் கைகொடுத்தவர் கோவையின் பெரிய தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். கொஞ்சம் முன்பணம், மீதி தவணை என்று ஒரு பஸ் கிடைத்தது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த ஒற்றை பஸ் ஓடத் தொடங்கியது. முதலாளி, டிரைவர் இரண்டும் நாயுடுவேதான்.

அன்றைய எஞ்சின் எப்படி சூட்டைத் தாங்கியது?

அந்தக் காலத்து வண்டிகளில் பலவற்றுக்குத் தண்ணீர் பம்பே கிடையாது. உலகம் முழுக்க ஒன்றரைக் கோடி விற்ற ஃபோர்டு மாடல் டி காரையே எடுத்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணீர் லேசாகி மேலே ஏறும், ரேடியேட்டரில் ஆறி கனமாகிக் கீழே இறங்கும். வீட்டுச் சட்டியில் தண்ணீர் கொதிக்கும்போது நடக்கிற அதே சுழற்சிதான். இதை நம்பித்தான் எஞ்சின் ஓடியது. தெர்மோஸ்டாட்டும் இல்லை, பிரஷர் மூடியும் இல்லை.

விளைவு என்ன? ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். காலைக் குளிரில் எஞ்சின் சூடேற நேரம் பிடிக்கும். மலை ஏறினால் இன்னும் மோசம். கடல் மட்டத்தில் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிற தண்ணீர், ஊட்டி உயரத்தில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வழியில் எங்கே கிணறு இருக்கிறது, எங்கே வாளி கிடைக்கும் என்பதெல்லாம் டிரைவர் தெரிந்து வைத்திருக்க வேண்டிய பாடம்.

பொள்ளாச்சி - பழனி தூரம் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இன்று ஒன்றரை மணி நேரப் பயணம். அன்று பாதி வழியில் வண்டி நின்றால் அன்றைய வசூல் போச்சு, அடுத்த தவணைக்கும் திண்டாட்டம். எஞ்சின் ஆரோக்கியம் என்பது நாயுடுவுக்குப் பொழுதுபோக்கு இல்லை, சாப்பாட்டுப் பிரச்னை.

ஒரு பஸ் 280 ஆனது எப்படி?

யுனைடெட் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., அவர் வளர்த்த கம்பெனி. 1933-ல் அதில் 280 பஸ்கள் ஓடின. அன்றைய நாட்டிலேயே பெரிய பஸ் கம்பெனிகளில் ஒன்று அது. டிக்கெட் கொடுக்கும் இயந்திரம் கொண்டு வந்தார். பஸ் எந்த நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று காட்டும் ஏற்பாடு செய்தார். எஞ்சினின் அதிர்வைச் சோதித்துப் பார்க்க ஒரு கருவி செய்தார். பஸ் ரேடியேட்டரில் சூடாகிற தண்ணீரைக் குளிர வைக்கவும் அவர் ஒரு கருவி உருவாக்கியதாக அவரைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் சொல்கின்றன.

இதில் கவனிக்க வேண்டியது அந்த அதிர்வுக் கருவிதான். எஞ்சின் உடைந்த பிறகு ரிப்பேர் பார்க்க அது தேவையில்லை. உடைவதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்கத்தான் தேவை. முள் சிவப்புக்குப் போன பிறகு தவிக்கிறவர்களுக்கும், முள் வழக்கமாக எங்கே நிற்கும் என்று தினமும் பார்த்து வைத்திருக்கிறவர்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

சரி, முள் எங்கே நிற்கணும்?

பெரும்பாலான பழைய கார்களில், ஓடிச் சூடேறிய எஞ்சினின் கூலன்ட் வெப்பம் 80-ல் இருந்து 100 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும். மீட்டரில் இது நடுப்பகுதி, அல்லது நடுவுக்குக் கொஞ்சம் கீழே. டிராஃபிக்கில் சற்று ஏறும், ஃபேன் ஓடியதும் இறங்கும். அது நார்மல்.

100 டிகிரியைத் தொட்டால் தண்ணீர் கொதித்துவிடாதா என்று கேட்கலாம். கொதிக்காது. காரணம் ரேடியேட்டர் மூடி. பிரஷர் குக்கரின் வெயிட் மாதிரி அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் கூலன்ட் 120 டிகிரி வரைகூட கொதிக்காமல் தாங்கும். அதனால்தான் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் கொதித்து முகத்தில் பீய்ச்சி அடிக்கும். குக்கரை ஆவி அடங்கும் முன் திறக்காத வீடுகளில்கூட இந்தத் தப்பு நடக்கிறது.

எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் நிற்கிற வாயிற்காவலர்தான் தெர்மோஸ்டாட். உள்ளே ஒரு சின்னக் குப்பி, அதில் மெழுகு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கதவு மூடியிருக்கும். தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும், சீக்கிரம் சூடேறும். 82 முதல் 90 டிகிரி வாக்கில், அதாவது அந்தந்த வண்டிக்கு நிர்ணயித்த வெப்பத்தில், மெழுகு உருகி விரியும், ஒரு கம்பியைத் தள்ளும், கதவு திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். கரண்ட் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. எந்த வெப்பத்தில் திறக்கும் என்று பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும்.

கழற்றிப் போட்டால் என்ன ஆகும்?

முதலில், எஞ்சின் சூடேறவே நேரம் பிடிக்கும். ஹைவேயில் போனால் முள் கீழேயே கிடக்கும். பார்க்க நிம்மதியாக இருக்கும். ஆனால் உள்ளே பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் படியும், ஆயிலைக் கழுவிவிடும், தேய்மானம் கூடும். எஞ்சினில் சேர்கிற ஈரம் ஆவியாகி வெளியேறாது, ஆயில் சேறாகும். மைலேஜ் இறங்கும். அதாவது கொதிக்கிற எஞ்சின் ஒரே நாளில் செய்கிற சேதத்தை, குளிர்ந்த எஞ்சின் சில வருடங்களில் சத்தமில்லாமல் செய்யும்.

இரண்டாவது விஷயம் பலருக்குத் தெரியாது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் ஒரு பக்கம் ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, மறுபக்கம் எஞ்சினுக்குள் சுற்றும் குறுக்கு வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைப் பார்க்காமலேயே எஞ்சினுக்குத் திரும்பும். சூட்டைக் குறைக்கக் கழற்றினால், சூடு கூடும்!

தெர்மோஸ்டாட் உண்மையிலேயே கெட்டுப் போகிறதுதான். மூடிய நிலையில் சிக்கினால் முள் வேகமாக ஏறும். எஞ்சின் கொதிக்கும், ஆனால் ரேடியேட்டருக்குப் போகிற ஹோஸ் மட்டும் ஆறியே இருக்கும். திறந்த நிலையில் சிக்கினால் முள் ஏறவே ஏறாது. கழற்றியதைச் சோதிக்க பெரிய லேப் வேண்டாம். ஒரு சட்டித் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, ஒரு தெர்மாமீட்டரோடு அடுப்பில் வைத்தால் போதும். பொறித்திருக்கிற வெப்பத்தில் திறந்து, ஆறும்போது மூடினால் நல்லது. இல்லாவிட்டால் புதுசு மாட்டுங்கள். எஞ்சின் வேலையோடு ஒப்பிட்டால் அதன் விலை ஒன்றுமே இல்லை.

எல்லாச் சூட்டுக்கும் தெர்மோஸ்டாட் மேல் பழி போடவும் முடியாது. டிராஃபிக்கில் மட்டும் சூடாகி, ஓடும்போது சரியானால் ஃபேனைப் பாருங்கள். வேகத்திலும் ஏற்றத்திலும் சூடானால் ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். உப்புத் தண்ணீர் கிடைக்கிற ஊர்களில் அதையே வருடக்கணக்கில் ஊற்றி வந்தால், டீக் கெட்டிலில் படிகிற வெள்ளைப் படலம் ரேடியேட்டருக்குள்ளும் படியும். கூலன்டும் வடிநீரும்தான் சரி. இன்னொரு ஆபத்தும் உண்டு. தண்ணீர் மொத்தமாக ஒழுகிப் போனால், சென்சார் தண்ணீரைத் தொடாமல் முள் இறங்கிக்கூட காட்டும். முள் திடீரென்று கீழே விழுந்தால் சந்தோஷப்படாதீர்கள், வண்டியை நிறுத்துங்கள். எஞ்சினை ஆஃப் செய்து அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிப்பு விடும்.

வராமல் போன 2,000 ரூபாய் கார்

நாயுடு பஸ்ஸோடு நிற்கவில்லை. ஐரோப்பா போனார். ஜெர்மனி அவரை மிகவும் ஈர்த்தது. 1936-ல் லண்டனில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தைத் தானே படம் பிடித்தார். 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து பீளமேட்டில் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் மூலம் மின்மோட்டார் தயாரித்தார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். 'ரசந்த்' என்ற மின்சார ரேசர், 70 ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ, ஆளைவிட உயரமாக வளர்ந்த பருத்திச் செடி.. பட்டியல் நீளம்.

1945-ல் கோவையில் அவருடைய முயற்சியாலும் நன்கொடையாலும் அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியின் தொடக்கம் அது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அதன் முதல்வர் ஆனார். ஆனால் நான்கு வருடப் படிப்பு நேர விரயம், இரண்டு வருடம் போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை விட்டு வெளியேறினார். அவர் சொன்னது முழுக்க சரியா என்பது விவாதத்துக்கு உரியது. ஆனால் எஞ்சினைக் கையால் தொடாமல் எஞ்சினியர் ஆக முடியாது என்ற அவருடைய எரிச்சலில் நியாயம் இருந்தது.

1952-ல் இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய் என்று திட்டம். தயாரிக்க அரசு அனுமதி தரவில்லை. நடுத்தரக் குடும்பத்துக்கான சின்ன கார் என்று மாருதி 800 ரோட்டுக்கு வந்தது 1983 டிசம்பரில். முப்பது வருட இடைவெளி! வரிக் கொள்கை மீது கொண்ட கோபத்தில், தான் செய்த பொருள்களையே ஜனங்கள் முன்னால் உடைத்துக் காட்டியதும் 1950-களில்தான். இயந்திரத்தைப் பிரித்து மாட்டியே வளர்ந்தவர், திரும்ப மாட்ட முடியாதபடி உடைத்தது அப்போதுதான்.

1974 ஜனவரி 4-ம் தேதி அவர் காலமானார். கோவை அவிநாசி சாலையில் அவர் பெயரில் இயங்கும் கண்காட்சி வளாகத்தில் அவருடைய கருவிகளைப் பார்க்கலாம். அங்கேயே உள்ள ஜி.டி. கார் மியூசியத்தில் பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன.