தாய்வழி முதுசம்

அமெரிக்க நாட்டின் ஒக்லஹோமா மாநிலத்து ஒக்கீமா என்னும் சிற்றூரில், 1912ஆம் ஆண்டு யூலை 14ஆம் நாள் வூடி கத்ரி பிறந்தார். நாட்டுப்பாடல்களை அன்னை பாடக் கேட்டே வளர்ந்தார். அவ்வன்னை தீரா நோயால் அறிவு கலங்கி, மருத்துவமனையிற் சேர்க்கப்பட்டு, 1930இல் மறைந்தார்.

அக்காலை வறட்சியும் புழுதிப் புயலும் உழவரை ஊர் பெயரச் செய்தன. அவர்கள் சென்ற வழியே கிற்றாருடன் கலிபோர்னியா சேர்ந்த கத்ரி, அவர்தம் துயரைப் பழைய மெட்டுக்களில் அமைத்துப் பாடினார். 1941இல் கொலம்பியா ஆற்றையும் அதன் அணைகளையும் பற்றி ஒரே மாதத்தில் 26 பாடல்கள் புனைந்தார்.

தாயின் நோய் மைந்தரையும் தொடர்ந்தது. அது பரம்பரையாக வரும் ஹன்டிங்டன் நோயென்பது 1952இல் உறுதியாயிற்று. நாளடைவில் விரல்கள் நரம்பை மீட்டும் ஆற்றலை இழந்தன, நாவும் தளர்ந்தது. 1961இல், 19 வயதினரான பொப் டிலன் அவரைத் தேடிச் சென்று, அவர் இயற்றிய பாடல்களை அவர்க்கே பாடிக் காட்டினார். 1967ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆம் நாள் கத்ரி காலமானார்.

தாய்வழி வந்த முதுசம் இரண்டு: ஒன்று நோய், மற்றது பாட்டு. நோய் அவர் நாவை அடக்கிற்று. பாட்டோ, 2016இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற டிலன் முதலாய பலர் நாவிற் குடிபுகுந்து இன்றும் ஒலிக்கின்றது.