மெயின்டனன்ஸ் வேலையில் சேர்ந்த குன்பெய் யோகோய்

(இ.சி.இ. மூன்றாம் ஆண்டு மாணவன், ஒகேனக்கல்)



காவிரியில் தண்ணீர் கூடினால் எங்கள் வீட்டில் வருமானம் குறையும். அப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறார். கர்நாடக அணைகளில் திறந்துவிட்டார்கள், நீர்வரத்து இத்தனை ஆயிரம் கன அடி என்று செய்தி வந்ததுமே பரிசலுக்கும் குளியலுக்கும் தடை போட்டுவிடுவார்கள். 2018 ஆகஸ்டில் அது இரண்டு லட்சம் கன அடியைத் தொட்டது. நான் அப்போது ஆறாவது. மசாஜ்காரர் முதல் மீன் வறுக்கிற அக்கா வரை எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள் அவை.

அருவிக்குப் போகிற வழியில் பொம்மைக் கடை போட்டிருந்த அண்ணன் ஒருவர், வியாபாரம் இல்லாத கடுப்பில் கடையை ஒழுங்கு பண்ணிக்கொண்டிருந்தார். ஓடாமல் கிடந்த ஒரு ‘பிரிக் கேம்’ பெட்டியை எடுத்து, வச்சுக்கடா என்று என்னிடம் தூக்கிப் போட்டார். கட்டம் கட்டமாய் மேலிருந்து விழுமே, அந்த விளையாட்டு. வீட்டுக்குக் கொண்டுவந்து நாலு ஸ்க்ரூவைக் கழற்றினேன். செல் போடுகிற இடத்து ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ‘பீப்’ என்று கத்தியது பாருங்க... அன்றைக்கு நான் எலக்ட்ரானிக்ஸில் விழுந்தவன்தான்.

உள்ளே பெரிசாய் ஒன்றும் இல்லை. கறுப்பு மெழுகு சொட்டியது போல ஒரு சிப், ஒரு கண்ணாடித் திரை, இரண்டையும் இணைக்கும் வரிவரியான ரப்பர் பட்டை, அடியில் கரி பூசிய ரப்பர் பட்டன்கள். இவ்வளவுதானா என்று இருந்தது. இவ்வளவே போதும் என்று முதலில் யோசித்த மனிதர் ஒருவர் இருந்தார் என்பது பாலிடெக்னிக் வந்த பிறகுதான் தெரிந்தது.

அவரைப் பற்றி எழுத இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த வருஷம் கேம்பஸில் எனக்கு ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் டிரெய்னி வேலை கிடைத்தது. சொந்தக்காரர் ஒருவர் கேட்டார், மூணு வருஷம் படிச்சது கிரீஸ் தடவவா என்று. எனக்குப் பதில் வரவில்லை. பதில் வராததால்தான் இந்தக் கட்டுரை.

குன்பெய் யோகோய் 1941 செப்டம்பர் 10 அன்று ஜப்பானின் கியோட்டோ நகரில் பிறந்தவர். (ஜப்பான் என்றால் எங்கள் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது கூட்டுக் குடிநீர்த் திட்டம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஃபுளோரைடு தண்ணீருக்கு மாற்றாகக் காவிரியைக் கொண்டுபோன அந்தத் திட்டம் ஜப்பானியக் கடனுதவியில் கட்டப்பட்டு 2013-ல் திறக்கப்பட்டது.) தோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்தார். ஆக, நம்மைப் போல டிப்ளமோ இல்லை, டிகிரி. அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் மார்க்கில் நம்மவர்தான்! பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் எடுத்துக்கொள்ளவில்லை. 1965-ல் உள்ளூரிலேயே ஒரு சீட்டுக்கட்டுக் கம்பெனியில் சேர்ந்தார். 1889 முதல் ‘ஹனஃபுடா’ என்ற பூப்படச் சீட்டுகளைச் செய்துவந்த கம்பெனி அது. பெயர் நிண்டெண்டோ. வேலை? சீட்டு தயாரிக்கும் இயந்திரங்களுக்கு மெயின்டனன்ஸ்.

இயந்திரம் ஒழுங்காக ஓடினால் மெயின்டனன்ஸ்காரனுக்கு என்ன வேலை? சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு விளையாட்டுச் சாமான் செய்தார். நம்ம ஊர்க் கடைகளின் முன்னால் இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவு இருக்கிறதே, அதே குறுக்குச் சட்ட அமைப்பு. கைப்பிடியை அழுத்தினால் நீண்டு போய் எட்டத்தில் உள்ள பொருளைப் பிடிக்கும். கம்பெனித் தலைவர் ஹிரோஷி யமவுச்சி தொழிற்சாலையைச் சுற்றி வந்தபோது இதைப் பார்த்துவிட்டார். திட்டு விழும் என்று எதிர்பார்த்திருப்பார். விழுந்தது வேறு உத்தரவு: இதையே பொம்மையாகச் செய்! 1966-ல் ‘அல்ட்ரா ஹேண்ட்’ என்ற பெயரில் வந்து பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. கிரீஸ் டப்பாவோடு திரிந்தவர் பொம்மை வடிவமைப்பாளர் ஆனார்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லா மெயின்டனன்ஸ்காரனையும் முதலாளி வந்து எட்டிப் பார்ப்பதில்லை. யோகோய்க்கு அதிர்ஷ்டமும் இருந்தது.

அடுத்து வந்த சாமான்களைப் பார்த்தால் நம்ம லேப் எக்ஸ்பெரிமென்ட் லிஸ்ட் மாதிரி இருக்கும். 1969-ல் ‘லவ் டெஸ்டர்’. இரண்டு பேர் கைகோர்த்துக்கொண்டு ஆளுக்கொரு முனையைப் பிடித்தால், உடம்பு வழியாகப் போகும் கொஞ்சூண்டு மின்சாரத்தில் முள் அசையும், அதுதான் காதலின் அளவு! வெறும் மீட்டர்தான் ஐயா. (நம்ம டிபார்ட்மென்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம், மல்டிமீட்டர் ஏற்கனவே குறைவு.) 1970 வாக்கில் ஒளித்துப்பாக்கி. ஒளி பட்டால் மின்சாரம் தரும் சோலார் செல்லைப் பொம்மையின் இலக்கில் வைத்தார். அந்த செல்லை விற்க ஷார்ப் கம்பெனியிலிருந்து வந்தவர் மசயுக்கி உவெமுரா. பிறகு அவரும் நிண்டெண்டோவிலேயே சேர்ந்துவிட்டார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1972-ல் வந்த ‘லெஃப்டி ஆர்.எக்ஸ்.’ ரிமோட் கார். அந்தக் காலத்தில் ரேடியோ கண்ட்ரோல் கார் பணக்காரச் சாமான். விலையைக் குறைக்க யோகோய் என்ன செய்தார்? இடப்பக்கம் மட்டும் திரும்புகிற கார் செய்தார்! ஒரே ஒரு சேனல் போதும். வட்டப் பாதையில் பந்தயம் விட இடப்பக்கம் திரும்பினாலே போதுமே. வலது பக்கத்தை வெட்டி எறிந்ததில் விலை இறங்கிவிட்டது. நம்மில் யாராவது ப்ராஜெக்ட் வைவாவில் இப்படி ஒரு காரைக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன கேட்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

எல்லாம் ஏறுமுகம் இல்லை. பவுலிங் மோகம் தீர்ந்து காலியாகக் கிடந்த அரங்குகளை ஒளித்துப்பாக்கி சுடும் கூடங்களாக மாற்றினார்கள். 1973 கடைசியில் எண்ணெய் நெருக்கடி வந்தது. ஆர்டர்கள் ரத்தாகி, கம்பெனி கடனில் மூழ்கியது.

மீட்டது கால்குலேட்டர். ஒரு நாள் புல்லட் ரயிலில், அலுவலகம் போகிற ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டி விளையாடிக்கொண்டிருந்ததை யோகோய் பார்த்தார். பெரியவர்கள் மடியில் வைத்து, யாருக்கும் தெரியாமல் விளையாட ஒன்று இருந்தால்? கொஞ்ச நாளில் தலைவரின் டிரைவர் வராமல் போக, இவர் காரை ஓட்ட வேண்டியதாயிற்று. தலைவர் வைத்திருந்தது இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வெளிநாட்டுக் கார், அதை ஓட்டத் தெரிந்தவர் இவர். போகிற வழியில் பேச்சுக்குச் சொல்லிவைத்தார். சில நாட்களில் ஷார்ப் கம்பெனி ஆட்கள் வந்து நின்றார்கள்! கால்குலேட்டர் போட்டியில் விலை தரைக்கு வந்து, எல்.சி.டி. திரைக்கு வேறு வேலை தேடிக்கொண்டிருந்த நேரம் அது.

1980 ஏப்ரலில் ‘கேம் அண்ட் வாட்ச்’ வந்தது. கால்குலேட்டரில் 8 என்ற எண்ணுக்கு ஏழு துண்டுகள் இருக்குமல்லவா? அந்தத் துண்டுகளுக்குப் பதிலாகப் பந்து, கை, கால் என்று உருவங்களை வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக எரியவிட்டால் அசைவு. சும்மா இருக்கும்போது கடிகாரம். உலகம் முழுக்க 4 கோடிக்கும் மேல் விற்றது.

1982-ல் இதே வரிசையில் ‘டாங்கி காங்’. இதற்கு நாலு திசையும் வேண்டும். குச்சி வைத்தால் சட்டைப் பையில் இடிக்கும். யோகோய் வைத்தது கூட்டல் குறி போன்ற ஒற்றைப் பட்டன். நடுவில் ஒரு தாங்கல், அடியில் நாலு தொடுமுனை. இடது அமுங்கினால் வலது தானாகவே எழும்பிவிடும், இரண்டும் சேர்ந்து அமுங்காது. பார்க்காமலே கட்டைவிரலுக்குத் திசை தெரியும். இன்றைக்குக் கடையில் எந்த கேம் ரிமோட்டை எடுத்தாலும் அந்தச் சிலுவை அதில் இருக்கிறது.

இனி வீட்டு டிவிக்கு வருவோம். 1983 ஜூலை 15 அன்று நிண்டெண்டோ ‘ஃபேமிகாம்’ பெட்டியை 14,800 யென்னுக்கு விற்பனைக்கு விட்டது. இதைச் செய்தது யோகோய் இல்லை, உவெமுராவின் குழு. ஆனால் கைப்பிடியில் இருந்தது யோகோயின் சிலுவை. மூளை, 1975-லேயே வந்துவிட்ட 6502 வகை எட்டு பிட் பிராசஸர்தான். முதல் மாதங்களில் சிப் கோளாறால் பெட்டிகள் நின்று நின்று போயின. தலைவர் விற்றதையெல்லாம் திரும்ப வாங்கி போர்டை மாற்றச் சொன்னார். சதுர ரப்பர் பட்டன்கள் உள்ளே மாட்டிக்கொண்டதால் வட்டப் பிளாஸ்டிக்காக மாற்றினார்கள். மெயின்டனன்ஸ் என்றால் இளக்காரமாகப் பார்ப்பவர்கள் இந்த வரிகளை இன்னொரு தடவை படிக்கலாம்.

அமெரிக்காவில் கதையே வேறு. 1983-ல் அங்கே வீடியோ கேம் சந்தை படுத்துவிட்டது. அட்டாரி கம்பெனி விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோ பாலைவனத்தில் குழி தோண்டிப் புதைத்தது. 2014-ல் தோண்டி எடுத்துக் காட்டினார்கள். கடைக்காரர்கள் வீடியோ கேம் என்ற சொல்லையே கேட்கத் தயாரில்லை. அங்கே யோகோயின் குழு செய்த ‘ராப்’ என்ற ரோபோ உதவிக்கு வந்தது. டிவி திரை விட்டுவிட்டு மின்னுவதைக் கண்ணால் பார்த்துக் கையை அசைக்கும். உண்மையைச் சொன்னால் மந்தமான ரோபோ. அதோடு ஆட இரண்டே இரண்டு விளையாட்டுதான். ஆனால் இது பொம்மை என்று சொல்லி, 1985 அக்டோபரில் நியூயார்க் கடைகளுக்குள் பெட்டியை நுழைக்க அது போதுமாக இருந்தது. கூடவே துப்பாக்கி. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, இலக்கு மட்டும் வெள்ளையாகத் தெரியும், அந்த ஒளியைத் துப்பாக்கிக்குள் இருக்கும் உணரி பிடிக்கும். பழைய படக்குழாய் டிவியில் மட்டும்தான் வேலை செய்யும்.

அந்தப் பெட்டி மொத்தம் 6 கோடியே 19 லட்சம் விற்றது. 1990களில் நம்ம அண்ணன்மார் தெருவில் மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து மரியோ ஆடிய ‘டிவி கேம்’ எல்லாம் அதன் நகல்தான்.

1989 ஏப்ரலில் ‘கேம் பாய்’. இதுதான் யோகோயின் உச்சம். பச்சை மஞ்சள் திரை, நாலே நாலு சாயல், கலர் கிடையாது. அதே வருஷம் அட்டாரி கலர்த் திரையோடு ‘லிங்க்ஸ்’ விட்டது, அடுத்த வருஷம் செகாவின் ‘கேம் கியர்’. அவையெல்லாம் ஆறு செல் தின்று நாலைந்து மணி நேரத்தில் படுத்துவிடும். கேம் பாய்க்குக் கடிகாரத்துக்குப் போடுகிற சின்ன செல் நாலு, பதினைந்து மணி நேரம் வரும். கூடவே கட்டம் விழும் ‘டெட்ரிஸ்’. பின்னால் வந்த கலர் மாடலையும் சேர்த்து 11 கோடியே 86 லட்சம் விற்றது. என் பிரிக் கேம் அந்தக் குடும்பத்தின் தூரத்து ஒன்றுவிட்ட தம்பி!

யோகோயின் கொள்கை இதுதான்: நாள்பட்டு, விலை இறங்கி, குறை நிறை எல்லோருக்கும் தெரிந்துபோன தொழில்நுட்பத்தை எடு. அதை யாரும் யோசிக்காத இடத்தில் பொருத்து. எனக்கு இது புரிய ஜப்பான் போக வேண்டியதில்லை. எங்கள் வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்திருக்கும் பரிசலும் அதே கதைதான். மூங்கில் பின்னல், முன்பு தோல், இப்போது பிளாஸ்டிக் தாள், மேலே தார். ஒரே துடுப்பு. கிழிந்தால் அப்பாவே ஒட்டிவிடுவார். பாறைகளுக்கு நடுவே ஒரு முழத் தண்ணீரில் வழுக்கிப் போக இதைவிட நல்லதை யாரும் இதுவரை கொண்டுவரவில்லை.

அதே கொள்கை அவரை ஒரு தடவை கவிழ்த்தும் இருக்கிறது. 1995-ல் வந்த ‘வெர்ச்சுவல் பாய்’. கண்ணை வைத்துப் பார்த்தால் முப்பரிமாணம். ஒவ்வொரு கண்ணுக்கும் 224 சிவப்பு எல்.இ.டி. ஒரே வரிசையில், ஆடும் கண்ணாடி அந்த வரிசையைப் படமாக விரிக்கும். மலிவாகக் கிடைத்தது சிவப்பு, ஆகவே எல்லாமே சிவப்பு. தலை வலிக்கிறது, கழுத்து வலிக்கிறது என்றார்கள். ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. எட்டு லட்சத்தைத் தொடாமலே நின்றுவிட்டது.

1996 ஆகஸ்டில் 31 வருஷ வேலையை விட்டார். தோல்வியால் விரட்டப்பட்டார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஐம்பது தாண்டினால் சொந்தமாகச் செய்வது என்று முன்பே நினைத்திருந்தார் என்பது அவர் தரப்பு. எனக்கென்னவோ இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருப்பதாகப் படுகிறது. கியோட்டோவிலேயே ‘கோட்டோ’ என்ற சிறு கம்பெனி தொடங்கி, பண்டாய் நிறுவனத்துக்காக ஒரு புதிய கைப்பெட்டியில் இறங்கினார்.

1997 அக்டோபர் 4. இஷிகாவா மாநிலத்து நெடுஞ்சாலையில் அவர் போன கார் முன்னால் போன லாரியில் மோதியது. என்ன சேதம் என்று பார்க்க இறங்கினார். பின்னால் வந்த இன்னொரு கார் அவர்மேல் மோதிவிட்டது. வயது 56.

அவர் பார்க்காத அந்தப் பெட்டி 1999 மார்ச்சில் ‘வொண்டர்ஸ்வான்’ என்று வந்தது. 4,800 யென். ஒரே ஒரு சின்ன செல்லில் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். கூடவே வந்த ஒரு புதிர் விளையாட்டுக்கு ‘குன்பெய்’ என்றே பெயர் வைத்தார்கள்.

ஜூனில் நான் ஓசூர் போகிறேன். பிரிக் கேம் இன்னும் ஓடுகிறது. தடை நாட்களில் அதை யார் வைத்திருப்பது என்று எனக்கும் அப்பாவுக்கும்தான் தகராறு, இனி அவர் பாடு. முதலாமாண்டுத் தம்பிமார் யாராவது உள்ளே திறந்து பார்க்க விரும்பினால், நான் கிளம்புவதற்குள் ஹாஸ்டலுக்கு வாங்க. செல் மட்டும் நீங்களே கொண்டுவாங்க.